தாயின் உணவும் சேயின் அறிவும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

சாலை, குடிநீர், தெரு விளக்கு, ஏரிக்கரை ஆகியவை பற்றிப் பேசுவதற்காகவே வட்டார வளர்ச்சி அலுவலர் உங்கள் முன் நிற்பது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கருவுற்ற தாய் உண்ணும் உணவு அவள் வயிற்றில் வளரும் குழந்தையின் மூளையை எவ்வாறு உருவாக்குகிறது என்பதே அப்பொருள். "இது மருத்துவரும் செவிலியரும் பேச வேண்டிய செய்தியாயிற்றே; கோப்புகளைப் பார்க்கும் அலுவலர்க்கும், மன்றத்தில் அமரும் நமக்கும் இதில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த ஐயத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம்.

1992-ஆம் ஆண்டு நம் அரசியலமைப்புச் சட்டத்திற்கு 73-ஆவது திருத்தம் நிறைவேறியது. 1993 ஏப்ரல் 24 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்வழி சேர்க்கப்பட்ட பதினொன்றாம் அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்கள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. சாலையும் குடிநீரும் சிறுபாசனமும் அவ்வரிசையில் உள்ளன. சுகாதாரமும், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடும் அதே வரிசையில்தான் உள்ளன. ஆயினும் நம் மன்றங்களின் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால், சாலைக்கும் சாக்கடைக்கும் பக்கம் பக்கமாக இடம் கிடைத்திருக்கிறது. கருவுற்ற தாயின் உணவுக்கு ஒரு வரி இடம் கிடைப்பதும் அரிதாக இருக்கிறது.

நாம் பள்ளிக்கூடம் கட்டுகிறோம். ஆசிரியரைக் கேட்டுப் பெறுகிறோம். மதிய உணவு வழங்குகிறோம். இவையெல்லாம் நல்ல செயல்கள். ஆனால் ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் குழந்தை தன் மூளையின் பெரும்பகுதியை முன்னமே கட்டி முடித்துக்கொண்டு வருகிறது. அக்கட்டடத்திற்கு வேண்டிய செங்கல்லும் சுண்ணாம்பும் தாயின் உண்கலத்திலிருந்து சென்றவை. அங்கே குறை நேர்ந்திருந்தால், பின்னர் நாம் செய்யும் செலவு முழுப்பயன் தருவதில்லை.

பருவம் தவறினால் பயன் இல்லை

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பார்கள். உழவராகிய உங்களுக்கு அதற்கு முந்திய நிலையும் தெரியும். விதை மண்ணுக்குள் இருக்கும்போதே அதன் தலைவிதியில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. அடியுரம் இடாமல் விட்டவர் மேலுரத்தை அள்ளிக் கொட்டினாலும் குறையை முற்றிலும் ஈடு செய்ய இயலாது. நெற்பயிர் கதிர் கட்டும் தறுவாயில் தண்ணீர் நின்றுபோனால், பின்னர் ஆறே பெருகி வந்தாலும் பதராய்ப் போன கதிரில் மணி பிடிப்பதில்லை. கருவில் வளரும் மூளைக்கும் இதே நியதிதான். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பருவம் உண்டு. அந்தந்தப் பருவத்தில் வேண்டிய பொருள் வந்து சேர வேண்டும்.

கருத்தரித்த மூன்றாம், நான்காம் வாரங்களில் தட்டையான ஓர் இழை சுருண்டு குழல் வடிவம் பெறுகிறது. இதனை நரம்புக் குழல் என்பர். இதன் மேல்முனை மூளையாகவும் எஞ்சிய பகுதி முதுகுத் தண்டாகவும் ஆகின்றன. அதன் பின்னர் நரம்பணுக்கள் பெருகுகின்றன. மூளையின் மேற்புறத்தில் அமையும் அணுக்களில் மிகப் பெரும்பான்மை ஆறாம் மாதத்திற்குள் தோன்றிவிடுகின்றன. இறுதி மூன்று மாதங்களில் மூளை விரைவாகப் பருத்து மடிப்புகள் கொள்கிறது. பிறக்கும்போது அதன் எடை ஏறத்தாழ 350 முதல் 400 கிராம். வளர்ந்த மனிதரின் மூளையோ ஏறத்தாழ 1,300 கிராம். இரண்டு வயது நிறைவதற்குள் அந்த அளவில் முக்கால் பங்கை மூளை எட்டிவிடுகிறது. கர்ப்ப காலத்தின் 270 நாட்களும், பின்னர் இரண்டு ஆண்டுகளின் 730 நாட்களும் சேர்ந்து 1,000 நாட்கள் ஆகின்றன. மூளை வளர்ச்சிக்குரிய சாகுபடிக் காலம் இதுவே எனலாம்.

நம் ஊர்களில் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு நடத்துகிறோம். அன்று உறவினர் கூடிப் புளிச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று பலவகைச் சோறாக்கி அப்பெண்ணுக்கு ஊட்டுகிறார்கள். மிக நல்ல வழக்கம் அது. ஆனால் மூளையின் அடித்தளம் அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே போடப்பட்டுவிட்டது. ஊர் மகிழ்ந்து கூடும் நாளுக்கும், குழந்தைக்கு உணவு மிகவும் வேண்டியிருந்த முதல் நாளுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைக் குறைப்பதே நம் வேலை.

முதல் மாதம்: கீரையில் உள்ள சத்து

நரம்புக் குழல், கருத்தரித்த 28-ஆம் நாளுக்குள் முழுவதும் மூடிக்கொள்ள வேண்டும். அந்நாள், பெண்ணுக்கு மாதவிலக்குத் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும் நாள். நாள் தள்ளிப்போயிற்றோ என்று அவள் ஐயுற்று, மாமியாரிடம் சொல்லக் கூசி, பின்னர் செவிலியரிடம் செல்வதற்குள் அந்த வேலை முடிந்துவிடுகிறது. குழல் சரிவர மூடாவிடில், முதுகுத் தண்டு பிளந்த குழந்தையோ, மூளையும் மண்டையோடும் முழுமை பெறாத குழந்தையோ பிறக்க நேரிடும்.

இதனைப் பெருமளவு தடுக்கவல்ல சத்து ஃபோலிக் அமிலம் என்பது. அதன் வரலாற்றில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஏற்பட்ட கடுமையான இரத்தச் சோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும் சென்னையிலும் இருந்து அவர் அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். மருந்தால் தீராத அந்நோய், ஈஸ்ட் சாற்றை உணவோடு கொடுத்தபோது தீர்ந்தது. அச்சாற்றில் இருந்த சத்து இன்னதென்பது பின்னரே தெளிவாயிற்று. 1941-ஆம் ஆண்டு பசலைக் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்த விஞ்ஞானிகள், இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குப் பெயரிட்டனர்.

1991-ஆம் ஆண்டு ஓர் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. முன்னர் இத்தகைய குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மாரை 7 நாடுகளில் 33 நிலையங்களில் கண்காணித்து நடத்தப்பட்ட ஆய்வு அது. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உட்கொண்டவர்களிடையே, அக்குறை மீண்டும் நேர்வது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. இன்று, குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் அனைவரும் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் அளவுள்ள மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கி முதல் மூன்று மாதம் வரை உட்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகிறது. முன்னர் அத்தகைய குழந்தை பிறந்த வீட்டில் இதைவிடக் கூடிய அளவு தேவைப்படும். அதனை மருத்துவரே முடிவு செய்வார்.

கீரை வகைகள், பச்சைப் பயறு, கொண்டைக் கடலை, தட்டைப் பயறு, வேர்க்கடலை ஆகியவற்றில் இச்சத்து உண்டு. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் சத்தில் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடும். அளவாக நீர்விட்டு, குறைந்த நேரம் வேகவைத்து, அந்நீரோடு கடைந்து உண்பதே நலம். எனினும் உணவு மட்டும் போதும் என்று மாத்திரையை விட்டுவிடுதல் ஆகாது.

ஒரு தேக்கரண்டி அயோடின்

இரண்டாவது சத்து அயோடின். நம் கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைராய்டுச் சுரப்பி அயோடினைக் கொண்டுதான் தன் நீரைச் சுரக்கிறது. நரம்பணுக்கள் தத்தம் இடம் சென்று அமைவதற்கு அச்சுரப்பு நீர் இன்றியமையாதது. கருவிலிருக்கும் குழந்தைக்குப் பாதிக் கர்ப்ப காலம் வரை சொந்தச் சுரப்பு போதாது. தாயின் சுரப்பு நீரையே அது நம்பியிருக்கிறது. தாய்க்கு அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி தளர்கிறது. குறை மிகுந்த இடங்களில் செவிடும் ஊமையுமாகவும், அறிவு வளர்ச்சி குன்றியும் குழந்தைகள் பிறந்துள்ளனர். அவ்வளவு கடுமையாக வெளியே தெரியாவிடினும், அயோடின் மிகவும் குறைந்த பகுதிகளில் வளரும் பிள்ளைகளின் நுண்ணறிவு அளவு ஏறத்தாழ 12, 13 புள்ளிகள் குறைந்திருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஊர் முழுவதும் ஒன்றுபோல் குறைந்திருந்தால், குறை இருப்பதே எவர் கண்ணுக்கும் படாது.

பப்புவா நியூகினி நாட்டின் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் 1960-களில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசியும், மற்றவர்க்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட்டனர். 1971-இல் வெளியான முடிவு வியப்பைத் தந்தது. கருத்தரிக்கும் முன்னரே அயோடின் பெற்ற தாய்மாரின் குழந்தைகளிடையே அக்கொடிய குறை ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. அயோடின் பெற்றும் குறையோடு பிறந்த குழந்தைகள் சிலரே. அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் தாய்மார் ஊசி போடும்போதே கருவுற்றிருந்தனர். மருந்து சரியானதாயினும் அவர்களுக்குப் பருவம் கடந்துவிட்டிருந்தது.

நம் நாட்டில் டாக்டர் இராமலிங்கசுவாமியும் அவருடன் பணியாற்றியோரும் 1956-ஆம் ஆண்டு காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடினைக் கலந்து கொடுத்தால் கழுத்துக் கழலை நோய் குறையும் என்பதை மெய்ப்பித்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. 2006 மே மாதம் முதல், அயோடின் கலவாத உப்பை மக்கள் நேரடியாக உண்பதற்கென விற்பது நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. வீட்டிற்கு வந்து சேரும்போது உப்பில் பத்து இலட்சத்தில் 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருத்தல் வேண்டும்.

நாள் ஒன்றுக்கு ஒருவர்க்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம், கருவுற்றவர்க்கு 250. ஒருவர் 70 ஆண்டு வாழ்ந்தாலும் வாழ்நாள் முழுவதும் சேர்த்து 4 கிராமுக்கு மேல் வேண்டுவதில்லை. ஒரு தேக்கரண்டி அளவே ஆகும். தூத்துக்குடியும் வேதாரண்யமும் உப்பு விளையும் ஊர்கள். நாட்டிற்கே உப்பு வழங்கும் மாநிலங்களுள் நம்முடையதும் ஒன்று. ஆனால் 2018-19-இல் நடந்த அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பை உண்ட இல்லங்கள் தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடுதான் எனத் தெரிந்தது. மாநிலங்களுள் அதுவே மிகக் குறைந்த அளவு. உப்பளத்தின் அருகில் வாழும் நாம் இதற்கு நாணித்தான் ஆகவேண்டும்.

மூட்டையில் வரும் சாதாரணக் கல்லுப்பை மலிவு என்று வாங்குவதும், வாங்கிய உப்பைக் கழுவுவதும், அடுப்பங்கரையில் மூடாத சட்டியில் போட்டு வைப்பதும் இதற்குக் காரணங்கள். ஈரமும் வெப்பமும் பட்டால் அயோடின் குறைந்து போகும். அயோடின் கலந்த உப்பையே வாங்கி, மூடிய பாத்திரத்தில் வைத்து, சமையலின் இறுதியில் சேர்ப்பது நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவர் சொன்னபடி உப்பைக் குறைக்கட்டும். குறைத்து உண்ணும் உப்பும் அயோடின் உப்பாகவே இருக்கட்டும்.

இரத்தமும் இரும்பும்

மூன்றாவது சத்து இரும்பு. மூளைக்கு உயிர்வளியைக் கொண்டு செல்வது இரத்தம். அதற்கு ஆதாரம் இரும்பு. நரம்பிழைகளின் மேல் உறை போர்த்துவதற்கும், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதற்கும் இரும்பு வேண்டும். குழந்தை பிறந்தபின் முதல் சில மாதங்களுக்குப் பயன்படும் இரும்புச் சேமிப்பைக் கர்ப்பத்தின் இறுதி மூன்று மாதங்களில் தாயிடமிருந்தே பெற்றுக்கொள்கிறது. தாயின் களஞ்சியமே காலியாக இருந்தால் குழந்தை எதைச் சேமிக்கும்?

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 100 மில்லி லிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருப்பின் கர்ப்பிணிக்கு இரத்தச் சோகை உண்டு எனக் கொள்வர். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகள் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருந்தது. மருத்துவமனைப் பேறுகளில் முன்னணியில் நிற்கும் மாநிலத்தில் இந்நிலை நீடிப்பது கவலைக்குரியது.

நான்காம் மாதம் முதல் 180 நாட்களுக்கு நாளொன்றுக்கு ஒன்றாகச் சிவப்பு மாத்திரைகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் 60 மில்லி கிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. பேற்றுக்குப் பின்னரும் 180 நாட்கள் உட்கொள்ள வேண்டும். வழங்குவதில் குறை இல்லை, உட்கொள்வதில்தான் குறை. குமட்டுகிறது, மலம் கறுத்துப் போகிறது, குழந்தை கறுப்பாகப் பிறக்கும், குழந்தை பெருத்துவிடும் என்று பலவாறு கூறி, மாத்திரை அட்டைகளை அலமாரியில் அடுக்கி வைத்துவிடுகின்றனர். மலம் கறுப்பது இரும்பினால் நேர்வது; தீங்கற்றது. குழந்தையின் நிறத்திற்கும் மாத்திரைக்கும் தொடர்பே இல்லை. குமட்டல் இருப்பின் இரவு உணவுக்குப் பின் உட்கொள்ளலாம். காப்பி, தேநீர், பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சேராது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்கனியோ உடன் இருந்தால் இரும்பு நன்கு சேரும். முருங்கைக் கீரை, கேழ்வரகு, கம்பு, கொள்ளு, மீன், இறைச்சி ஆகியவை உணவில் இடம்பெறட்டும்.

கொக்கிப் புழுவும் இரத்தத்தைக் குடிக்கிறது. மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவர் உடலில் அப்புழு ஏறுகிறது. முதல் மூன்று மாதம் கழிந்தபின் செவிலியர் தரும் புழு நீக்க மாத்திரை ஒன்று இதற்குத் தீர்வு. ஊரில் கழிப்பிடங்கள் ஒழுங்காகப் பயன்படுவது நிலையான தீர்வு. ஆகவே நம் மன்றம் கட்டும் கழிப்பிடத்திற்கும், கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்கும் தொடர்பு உண்டு.

யார் முதலில் உண்பது?

மேற்சொன்ன மூன்றும் சிறிதளவே வேண்டிய சத்துகள். வயிறார உணவு இல்லாமல் இவை மட்டும் போதா. கர்ப்பிணிக்கு வழக்கமான உணவோடு நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும். இறுதி மூன்று மாதங்களில் புரதம் 22 கிராம் கூடுதலாக வேண்டும். இது பெருஞ்செலவு என்று அஞ்ச வேண்டா. ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு குவளை பால் இம்மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ இத்தேவை நிறைவேறும். முட்டை உண்ணாதார் ஒரு கிண்ணம் சுண்டல் உண்ணலாம். மீன் உண்பவர்க்கு மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்கள் மிக நல்லவை. அவற்றின் கொழுப்பு மூளைக்கு உகந்தது.

அதிகம் உண்டால் குழந்தை பெருத்துப் பேறு கடினமாகும் என்று கூறி, உணவைக் குறைக்கச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் தீய நோக்கத்தோடு சொல்வதில்லை. பேற்றில் உயிர் போன காலத்தைக் கண்டவர்களின் அச்சம் அது. இன்று மருத்துவமனையும் ஊர்தியும் உள்ளன. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தைக்குத்தான் இடர் மிகுதி. அவ்வாறே, "இது சூடு, அது குளிர்ச்சி" என்று ஒவ்வொரு பண்டமாக விலக்குவோரிடம் வாதிட வேண்டா. "ஒன்றை விலக்கினால் அதற்கு ஈடாக மற்றொன்றைக் கொடுங்கள், பாட்டி" என்று கேளுங்கள்; அவர்களே வழி சொல்வார்கள். வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பதை மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொல்ல வேண்டும்.

ஆடவராகிய நாம் இங்கே நம்மை ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். நம் வீட்டில் கடைசியாக உண்பவர் யார்? பெரும்பாலான வீடுகளில் விடை ஒன்றே: மருமகள். ஆடவர் உண்டு, பிள்ளைகள் உண்டு, மாமனார் மாமியார் உண்டபின், சட்டியில் குழம்பு மிஞ்சினால் காய் மிஞ்சாது. காய் மிஞ்சினால் முட்டை மிஞ்சாது. சினையுற்ற பசுவுக்குப் பருத்திக் கொட்டையும் புண்ணாக்கும் தனியாக எடுத்து வைக்கிறோம். அதற்குப் பின்னரே மற்ற மாடுகளுக்கு வைக்கிறோம். அந்த அறிவு தொழுவத்தோடு நின்றுவிடலாமா? கருவுற்ற பெண்ணுக்கு முதலில் பரிமாறுங்கள். இதற்கு அரசு ஆணை வேண்டியதில்லை. ஒரு காசும் செலவில்லை.

வேலையும் உணவைத் தின்னும். நாள் முழுவதும் குனிந்து நாற்று நடும் கர்ப்பிணி உண்ணும் கூடுதல் உணவு அவ்வேலைக்கே போய்விடும். ஆட்களை வைத்து வேளாண்மை செய்யும் பெருமக்கள், கருவுற்ற பெண்களுக்கு இலகுவான வேலை கொடுத்து, கூலியைக் குறைக்காமல் இருந்தால் அது பெரும் புண்ணியம்.

செலவா, முதலீடா?

இவ்வளவும் செய்வதால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்பீர்களாயின், மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டின் நான்கு கிராமங்களில் நடந்ததைச் சொல்கிறேன். 1969 முதல் 1977 வரை, இரண்டு கிராமங்களில் புரதம் மிகுந்த கஞ்சியும், மற்ற இரண்டில் புரதமற்ற இனிப்புப் பானமும் தாய்மார்க்கும் சிறுகுழந்தைகளுக்கும் கொடுக்கப்பட்டன. அக்குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பின் ஆய்வாளர் அவர்களைத் தேடிச் சென்று கணக்கெடுத்தனர். முதல் இரண்டு வயதுக்குள் அக்கஞ்சியைப் பெற்ற ஆண்கள், ஒரு மணி நேர வேலைக்கு மற்றவரைவிட ஏறத்தாழ 46 விழுக்காடு கூடுதலாக ஈட்டினர் என்பது 2008-இல் வெளியான செய்தி. வயது கடந்தபின் பெற்றவர்க்கு அத்தகைய பயன் கிட்டவில்லை. இங்கும் பருவமே முடிவு செய்தது. கூழ் ஒரு கிண்ணம் கொடுத்ததற்கு இவ்வளவு கண்டுமுதல் தரும் சாகுபடி வேறு உண்டா என்பதை உழவர்களாகிய நீங்களே கணித்துப் பாருங்கள்.

இங்கு ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறேன். குறையுள்ள குழந்தை பிறந்த வீட்டில் சென்று, "நீ சரியாக உண்ணவில்லை" என்று தாயைப் பழிப்பது பெருங்கொடுமை. அத்தகைய குறைகளுக்குக் காரணங்கள் பல. நன்கு உண்ட தாய்க்கும் அது நேரலாம். தாயைக் குற்றவாளி ஆக்குவதற்காக இவ்வறிவு நமக்குக் கிடைக்கவில்லை. அவளுக்கு வேண்டியதை உரிய காலத்தில் கொடுக்கும் கடமையைக் குடும்பத்தின் மீதும் ஊரின் மீதும் சுமத்துவதற்காகக் கிடைத்தது.

ஊராட்சி செய்ய வேண்டுவன

1. கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கூடும் கிராம சபையில், தாய்மார் நலம் ஒரு பொருளாக வைக்கப்பட வேண்டும். கருவுற்றவர்களுள் எத்தனை பேர் 12 வாரங்களுக்குள் பதிவு செய்தனர், எத்தனை பேருக்கு இரத்தச் சோகை என்ற எண்ணிக்கையை மட்டும் கிராம சுகாதாரச் செவிலியர் படிக்கட்டும். பெயர்களைச் சபையில் வெளியிடுதல் கூடாது.

2. புதுமணப் பெண்: ஊருக்கு மருமகளாக வரும் பெண்ணைச் செவிலியருக்கு அறிமுகம் செய்து வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். ஃபோலிக் அமில மாத்திரை அன்றே தொடங்கலாம். பள்ளி மாணவியருக்கு வாரந்தோறும் வழங்கப்படும் நீல நிற இரும்பு மாத்திரையும் எதிர்காலத் தாய்க்கான அடியுரமே. 18 வயதுக்கு முன் திருமணம் என்ற பேச்சுக்கே இடம் தராதீர்கள். தானே வளர்ந்து முடியாத பெண், வயிற்றில் உள்ள குழந்தையோடு உணவைப் பங்கிட வேண்டியவள் ஆகிறாள்.

3. உப்புச் சோதனை: அயோடின் சோதனைத் திரவத்தில் ஒரு துளியை உப்பின் மீது இட்டால், அயோடின் இருப்பின் நீலம் கலந்த நிறம் தோன்றும். கடைகள், அங்கன்வாடி, சத்துணவுக் கூடம் ஆகிய இடங்களில் உள்ள உப்பை மூன்று மாதங்களுக்கு ஒரு முறை சுகாதாரப் பணியாளரைக் கொண்டு சோதிக்கச் செய்யுங்கள்.

4. மாத்திரைத் துணை: மகளிர் சுய உதவிக் குழுவில், முன்னர் குழந்தை பெற்ற ஒரு பெண்ணைக் கர்ப்பிணி ஒவ்வொருவர்க்கும் துணையாக அமையுங்கள். வாரம் ஒரு முறை வந்து, வெற்று மாத்திரை அட்டையைப் பார்த்து, நலம் கேட்டுச் செல்வதே அவர் பணி.

5. உரிய உதவிகள்: அங்கன்வாடியில் தரப்படும் சத்துமாவு கர்ப்பிணிக்கு உரியது. வீட்டில் அனைவரும் பங்கிட்டால் அவளுக்கு ஒரு கரண்டியே மிஞ்சும். 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின்கீழ், விதிகளுக்கு உட்பட்டவர்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாய் அளவுக்கு உதவி உண்டு. கருவைப் பதிவு செய்து எண் பெறுவது இதற்கு முதற்படி. பதிவு தாமதமானால் பணம் மட்டுமன்றி, மூளை வளரும் காலமும் கைநழுவிப் போகிறது.

6. முருங்கையும் கீரையும்: 1960-களில் நம் நாட்டின் வளர்ச்சி வட்டாரங்களில் வீட்டுத் தோட்டமும் கோழி வளர்ப்பும் சத்துணவுத் திட்டமாகவே பரப்பப்பட்டன. அந்த நல்ல வழியை நாம் மறந்துவிடலாகாது. அங்கன்வாடியின் பின்புறத்திலும், பள்ளி வளாகத்திலும், பொது இடங்களிலும் முருங்கை நடலாம். வீடுதோறும் ஒரு பாத்திக் கீரையும் இரண்டு கோழியும் இருப்பின், சந்தைக்குப் போகாமலே சத்து கிடைக்கும்.

இவற்றுள் எதற்கும் பெரிய மதிப்பீடோ, ஒப்பந்தப் புள்ளியோ, மேலிடத்து அனுமதியோ தேவையில்லை. திறப்பு விழாவும் கல்வெட்டும் இதற்குக் கிடையா என்பது உண்மையே. இன்று உங்கள் ஊரில் நாள் தள்ளிப்போன ஒரு பெண்ணின் வயிற்றில் உருவாகும் குழந்தை, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து நீங்கள் கட்டிய பள்ளிக்கு வந்து அமரும். அப்போது உங்கள் பதவிக்காலம் முடிந்திருக்கலாம். அப்பிள்ளை கரும்பலகையில் எழுதியதைப் படித்து, கணக்கைத் தானே போட்டு, ஆசிரியரை எதிர்க் கேள்வி கேட்குமாயின், அதுவே உங்கள் மன்றத்தின் சாதனை ஆகும்.

அடுத்த கிராம சபையின் பொருள் பட்டியலில் இதனை ஓர் இனமாகச் சேர்க்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இன்று இரவு வீட்டில் யாருக்கு முதலில் பரிமாறப்படுகிறது என்பதைக் கவனிக்குமாறு அனைவரையும் வேண்டுகிறேன்.